பர்ஸ்லெமிலிருந்து வந்த ஜாடி

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், படித்ததும் மனசுக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் இங்கிலாந்தில் ஸ்டோக் பக்கம் வேலைக்குப் போனாளே, போன மாதம் லீவில் வந்தபோது எனக்கென்று ஒரு குட்டி ஜாடி கொண்டுவந்தாள். பர்ஸ்லெமில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்ததாம்.

கையில் வாங்கியதும் என்ன செய்திருப்பேன் என்று உனக்கே தெரியும். கவிழ்த்து அடியைப் பார்த்தேன். மக்கின்டயர் கம்பெனி முத்திரை. அடி விளிம்பை ஒட்டி ஒரு இடத்தில் கிளேஸ், அதான் அந்தக் கண்ணாடி மாதிரியான பூச்சு, மெலிந்து, உள்ளே இருக்கும் மண் லேசாகத் தெரிகிறது. கிளேஸில் முக்கி எடுத்தவரின் விரல் பிடித்த இடம் அது. என் கட்டைவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். என்னுடையதைவிடச் சின்ன விரல், செல்வி. ஒரு பெண்ணின் விரலாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அந்தக் கம்பெனியை நடத்தியவரைப் பற்றித் தேடிப் படித்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பெயர் வில்லியம் வுடால். 1832இல் ஷ்ரூஸ்பரியில் பிறந்தவர். முதலில் காஸ் கம்பெனி வேலை. மக்கின்டயரின் மகளை மணந்து, மாமனாரின் பீங்கான் தொழிலில் பங்குதாரரானார். கதவுக் குமிழ், மருந்துக்கடைச் சாமான், அப்புறம் மின்சாரம் வந்ததும் இன்சுலேட்டர், சுவிட்ச் என்று அந்தக் கம்பெனி செய்யாதது இல்லை. நாமும் பீங்கான் வேலையில் ஃபியூஸ் கட்டைக்கு அச்சு அழுத்தி அழுத்தித்தானே கை காய்த்துப்போனோம்! 1897இல் வில்லியம் மூர்கிராஃப்ட் என்ற இளைஞரை டிசைனராகச் சேர்த்துக்கொண்டதும் இதே கம்பெனிதான். பிற்பாடு அவர் பெயரே ஒரு தனி பிராண்டாகிவிட்டது.

ஆனால் வுடாலுக்குப் படிப்பின் மேல்தான் பெரிய ஆசை. 1870 முதல் பத்து வருஷம் பர்ஸ்லெம் பள்ளிக் குழுவின் தலைவராக இருந்தார். தொழிற்கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய அரசு அமைத்த கமிஷனிலும் உட்கார்ந்தார். அந்த ஊரில் கலையும் அறிவியலும் சொல்லித்தரக் கட்டிய வெட்ஜ்வுட் இன்ஸ்டிட்யூட் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. முகப்பு முழுக்கச் சுட்ட மண்ணால் செய்த சிற்பப் பலகைகள். மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு, அதோடு பானைத் தொழிலின் ஒவ்வொரு வேலையையும் காட்டும் பலகைகள். மகள் போட்டோ அனுப்பியிருக்கிறாள், பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 1863இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் கிளாட்ஸ்டன். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்.

1880இல் வுடால் லிபரல் கட்சி எம்.பி. ஆனார். நான்கு வருஷம் கழித்து, கிராமத்துக் குடும்பத் தலைவர்களுக்கும் ஓட்டுரிமை தரும் மசோதாவைப் பிரதமர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்தார். வுடால் அதில் ஒரு திருத்தம் கேட்டார். ஓட்டுரிமைச் சட்டத்தில் ஆண்பாலைக் குறிக்கும் சொற்கள் பெண்களையும் குறிக்கும், அவ்வளவுதான். ஒரே ஒரு வாக்கியம். இலக்கண வகுப்பில் ஒரு வரியில் முடிந்துபோகிற விஷயம்! கிளாட்ஸ்டன் மறுத்துவிட்டார். இந்தக் கப்பல் தாங்குகிற அளவுக்குச் சரக்கு ஏற்றியாகிவிட்டது, இதற்கு மேல் முடியாது என்றார்.

1884 ஜூன் 12 அன்று ஓட்டெடுப்பு. திருத்தத்துக்கு ஆதரவு 135, எதிர்ப்பு 271. பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று முன்பே ஒப்புக்கொண்டிருந்த 104 லிபரல்கள் தலைவர் பேச்சைக் கேட்டு எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். அந்த 104 பேர் மாறாமல் இருந்திருந்தால் என்று கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ராத்திரி தூக்கமே வரவில்லை.

ஏன் இவர் இதைக் கையிலெடுத்தார்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பர்ஸ்லெமில் சாமானுக்குக் கோடு இழுத்தது, பூ வரைந்தது, டிசைன் காகிதம் ஒட்டித் தேய்த்தது, கிளேஸ் முக்கும் இடத்தில் கூடமாட நின்றது எல்லாம் பெண்கள். கிளேஸில் ஈயம் இருந்தது, அது உடம்பில் ஏறியது. அந்தக் கைகளை வருஷக்கணக்காகப் பக்கத்தில் பார்த்த ஒருவர், இவர்களுக்குச் சம்பளம் உண்டு, ஓட்டு கிடையாது என்ற கணக்கை எப்படி ஒப்புக்கொள்வார்?

தோற்றதோடு அவர் விட்டுவிடவில்லை. அடுத்தடுத்த வருஷங்களில் பெண்கள் ஓட்டுரிமை மசோதாவைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். 1892இல் அதே கிளாட்ஸ்டன் அரசில் ராணுவத் துறை நிதிச் செயலராகவும் இருந்தார். தன்னைத் தோற்கடித்தவரின் கீழ் எப்படி வேலை பார்த்தார் என்று முதலில் எனக்குக் கோபம்தான். இப்போது அப்படி இல்லை. உள்ளே இருந்தால்தானே திரும்பவும் கேட்க முடியும். 1901இல் இறந்துவிட்டார். 30 வயது நிரம்பிய பெண்களில் ஒரு பகுதிக்கு ஓட்டு கிடைத்தது 1918இல், ஆண்களுக்குச் சமமாகக் கிடைத்தது 1928இல்.

தை மாதம் கல்யாணத்துக்கு வருகிறாய் அல்லவா, அந்த ஜாடியை எடுத்துவைக்கிறேன். அடியைத் திருப்பி உன் விரலையும் வைத்துப் பார். உன் விரல் என்னுடையதைவிடச் சின்னது, சரியாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
வசந்தா