பெருவின் வாஞ்சாக்கோ ஊரில் எனக்குக் கண் கொடுத்தவருக்கும் மற்ற எல்லோருக்கும்

வீடு வந்து ஆறு நாள் ஆகிறது. இன்னும் இரவில் திடுக்கிட்டு எழுந்து தலைமாட்டில் பையைத் தேடுகிறேன். பை இல்லை என்று நினைவுக்கு வந்ததும், வீட்டில்தானே இருக்கிறோம் என்பதும் நினைவுக்கு வருகிறது. சரி, தூக்கம் வராத நேரத்தில் கடனையாவது தீர்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பெருவில், லிமாவிலிருந்து வந்த அந்த ராத்திரி பஸ்ஸில் என் பை பறிபோன கதை உங்களுக்கெல்லாம் தெரியும். தங்கை எழுதியதைப் படித்துவிட்டுத்தான் பாதிப் பேர் உதவிக்கு வந்தீர்கள். அதை மறுபடி சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஒன்றே ஒன்று மட்டும் அவள் எழுதாமல் விட்டது. அவளுக்கே தெரியாது. பாஸ்போர்ட், போன், பணத்தோடு என் மூக்குக் கண்ணாடியும் போய்விட்டது. தூங்கும்போது கழற்றிப் பையின் முன்பக்க ஜிப்பில் வைத்திருந்தேன்.

எனக்கு மைனஸ் ஐந்து. ஒரு சாணுக்கு அப்பால் உலகம் கரைந்துவிடும். பாஸ்போர்ட் இல்லை என்று போலீஸிடம் சொல்லலாம், தூதரகத்துக்கு எழுதலாம். கண் தெரியவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? வெட்கமாக இருந்தது. துருஹியோவில் இறங்கி, கோம்பி என்று அவர்கள் சொல்லும் வேனில் ஏறி, வாஞ்சாக்கோ என்ற கடலோர ஊரில் ஏற்கெனவே பதிவு செய்திருந்த விடுதியைத் தடவித் தடவிக் கண்டுபிடித்தேன். எல்லாருடைய முகமும் எனக்கு ஒரே முகம். ஜூலைக் கடைசி, பெருவின் சுதந்திர தினத்துக்காக வீட்டுக்கு வீடு கொடி கட்டியிருந்தார்கள். எனக்குத் தெரிந்தது சிவப்புத் தீற்றல்கள் மட்டுமே. 28, 29 இரண்டு நாளும் விடுமுறை, எந்த அலுவலகமும் திறக்காது. காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அங்கே குளிர்காலம். கன்னியாகுமரி பூமத்திய ரேகைக்கு வடக்கே எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் தெற்கே இருக்கிற ஊர் அது. நம்மூர்க் கடலை நினைத்துக்கொண்டு காலை நனைத்தேன், எலும்பு வரை ஏறியது. தெற்கே துருவப் பக்கத்திலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டம் அந்தக் கடலைச் சில்லென்று வைத்திருக்கிறது. அதனாலேயே பனிமூட்டமும். எனக்கு எது மூட்டம், எது என் கண் என்றே தெரியவில்லை.

விடுதி மாடியில் உட்கார்ந்து கரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். தூரத்தில் மணலில் ஒரு வரிசையாக ஆட்கள் நிற்பார்கள். ஒல்லியாக, உயரமாக, போர்வை போர்த்தியதுபோல, துக்க வீட்டு வாசலில் நிற்கிறவர்கள் மாதிரி அசையாமல். இரண்டு நாள் பார்த்தேன். எதற்காக நிற்கிறார்கள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. என் மனநிலை அப்படி.

அந்த மாடியில்தான் அவரைச் சந்தித்தேன். அர்ஜென்டினாக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியை, அறுபதைத் தாண்டியவர், முதுகில் தன்னைவிடப் பெரிய பை. என்னை 'நேனா' என்று கூப்பிட்டார். பாப்பா என்கிற மாதிரி. எனக்கு வயது முப்பத்து நான்கு.

ஒரு சுரைக்குடுக்கையில் மாத்தே என்கிற, அவர்கள் நாட்டுத் தேநீர் போன்ற பானத்துக்கான இலையைப் போட்டு, பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, உலோகக் குழலைச் செருகி நீட்டினார். ஒரே குடுக்கை, ஒரே குழல், சுற்றி உட்கார்ந்திருந்த ஆறு பேருக்கும். எச்சில் என்று வளர்ந்த உடம்பு ஒரு கணம் பின்வாங்கியது, பிறகு குடித்தேன். வேப்பங்கொழுந்துக் கசப்பு. திருப்பிக் கொடுக்கும்போது மரியாதைக்கு 'கிராசியாஸ்' என்றேன். அடுத்த சுற்றில் குடுக்கை என்னைத் தாண்டிப் போய்விட்டது. அதற்கடுத்த சுற்றிலும். முகம் வாடியிருக்க வேண்டும். பக்கத்திலிருந்த ஹாலந்துப் பையன்தான் சிரித்துக்கொண்டே விளக்கினான்: மாத்தேயைத் திருப்பித் தரும்போது நன்றி சொன்னால், எனக்குப் போதும் என்று அர்த்தமாம். இன்னும் வேண்டுமென்றால் பேசாமல் கொடுக்க வேண்டுமாம்.

மறுநாள் காலை அவர் என் முன்னால் ஒரு ரொட்டித் தட்டை வைத்தார். நான் கையை நீட்டித் தட்டுக்குப் பக்கத்தில் மேசையைத் தடவினேன். அவ்வளவுதான். ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்துக்கு நேரே இரண்டு விரலைக் காட்டி, பின்னால் நகர்ந்துகொண்டே போனார். இரண்டாவது அடியிலேயே நான் தலையை ஆட்டிவிட்டேன். உள்ளே போனார். வெகுநேரம் பையைக் கிளறும் சத்தம். ஒரு துணி உறையோடு வந்தார்.

அவருடைய பழைய கண்ணாடி. கண்புரை அறுவை செய்துகொண்டதற்கு அப்புறம் அந்தப் பவர் அவருக்குத் தேவையே இல்லை. நான்கு வருடமாகச் சும்மா சுமந்துகொண்டு திரிகிறார். ஏன் என்று அந்தப் பையன் மூலம் கேட்டேன். தோளைக் குலுக்கினார். கணவர் உயிரோடு இருந்தபோது போட்டிருந்த கண்ணாடி என்று மட்டும் சொன்னார். பழுப்பு பிரேம், இடது காது கம்பியில் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி சுற்றியிருந்தது, அதன் ஓரம் அழுக்கேறிச் சுருண்டிருந்தது. சட்டை நுனியால் துடைத்தார். ஊதினார். மறுபடி துடைத்தார். துடைக்கத் தேவையில்லாத அளவுக்குத் துடைத்தார் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு அவரே என் முகத்தில் மாட்டிவிட்டு, தோளைப் பிடித்துக் கடல் பக்கம் திருப்பி, "மிரா" என்றார். பார்.

மணலில் நின்றவர்கள் ஆட்களே இல்லை. படகுகள். தொத்தோரா என்கிற கோரையைக் கட்டுக்கட்டாக இறுக்கிக் கட்டிய படகுகள், மூக்கு மேல் நோக்கி வளைந்து, நட்டமாக நிறுத்தி உலர வைத்திருந்தார்கள். 'குட்டிக் குதிரை' என்று பெயர்; மீனவர் குதிரைமேல் உட்காருவதுபோலக் கால்களை இருபுறமும் போட்டு, பிளந்த மூங்கிலைத் துடுப்பாக்கி அலைக்குள் போகிறார். நம் கட்டுமரத்துக்குத் தூரத்துச் சொந்தம்! இன்காக்களுக்கும் முந்தைய மோச்சே நாகரிகத்து மண்பாண்டங்களில்கூட இந்தப் படகு இருக்கிறது. சில வாரங்களில் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும், புதிதாகக் கட்ட வேண்டும், அதற்காகவே ஊருக்கு வடக்கே குழி வெட்டிக் கோரை வளர்க்கிறார்கள். இதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. அந்த நிமிடத்தில் ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகத் தெரிந்தது, அது போதும். தரை கொஞ்சம் வலப்பக்கம் சரிந்திருந்தது. அவருடைய கண்ணாடியின் சிலிண்டர் பவர் வேறு, என்னுடையது வேறு. அழுதேன். கண்ணாடி நனைந்து மறுபடி எல்லாம் மங்கியது. அவர் சத்தமாகச் சிரித்தார்.

நன்றி சொல்ல வாயெடுத்தபோது விரலை ஆட்டித் தடுத்துவிட்டார். மறுநாள் விடியற்காலை ஈக்வடார் நோக்கிக் கிளம்பிவிட்டார், நான் தூங்கிக்கொண்டிருந்தேன். பெயர் தெரியும், முகவரி தெரியாது. இந்தத் தமிழ் அவரை எட்டப்போவதில்லை என்றும் தெரியும். இருந்தாலும் இந்த மடலில் முதலிடம் அவருக்குத்தான்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்வதற்கு மன்னியுங்கள். ஒன்பது இரவுக்கும் வாடகை கேட்காமல், நீங்கள் அனுப்பிய பணத்தைத் தன் பெயரில் வாங்கிக் கொடுத்த விடுதிக்கார அம்மா (அடையாள அட்டை இல்லாதவளுக்கு எந்தப் பணப்பட்டுவாடாக் கடையும் காசு தராது). போனைக் கொடுத்து, மொழிபெயர்த்து, போலீஸ் புகார் எழுதும்வரை கூட நின்ற ஹாலந்துப் பையன். என் சோகத்தை மறக்கடிக்க என்னைச் சான் சானுக்கு இழுத்துப்போன சிலி தம்பதி. கொலம்பஸுக்கு முந்தைய அமெரிக்காவின் மிகப் பெரிய மண்கட்டி நகரமாம் அது. அதன் சுவரில் செதுக்கிய மீன்களை நான் சரிந்த தரையில் நின்று எண்ணினேன். அவசரச் சான்றிதழ் தந்த லிமா இந்தியத் தூதரகத்து ஊழியர்கள். அது ஊர் திரும்ப மட்டுமே செல்லும் என்பதால், குஸ்கோவும் பொலிவியாவும் அடுத்த முறைக்கு. அம்மாவை இரண்டு வாரம் சாப்பிட வைத்த சித்தி. பணம் போட்ட கல்லூரித் தோழிகள், கணக்கு என்னிடம் இருக்கிறது, மாதாமாதம் வரும். "ஒத்தையா போனா இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே எல்லாரையும்விட அதிகமாகப் போட்ட பெரியப்பா, உங்களுக்கும். ஒத்தையாகத்தான் மறுபடி போவேன் பெரியப்பா.

நேற்று காந்திபுரத்தில் புதுக் கண்ணாடி வாங்கினேன். கடைக்காரர் பழையதை மிஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது உங்க கண்ணுக்கே இல்லையேம்மா, யாரோடது?" என்றார். பிளாஸ்திரியை உரித்துவிட்டுக் கம்பியை மாற்றட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இரண்டு பெட்டி கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.