அந்த இரண்டு வரியை அச்சிடுங்கள்

குடல்நலக் கேப்சூல் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் கேப்சூலில் இருக்கும் பியூட்டிரேட்டைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. பெருங்குடல் உட்சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள் என்று உங்கள் விளம்பரமே சொல்கிறது. அது சொல்லாமல் விட்டதைக் கேட்கத்தான் இந்த மடல்.

அம்மாவுக்கு ரத்த அழுத்தம். உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எச்சரித்ததிலிருந்து வீட்டில் ஒவ்வொரு சிட்டிகைக்கும் கணக்கு. அவர் ஒரு மாதமாக உங்கள் கேப்சூலை நாளுக்கு நான்கு விழுங்கியிருக்கிறார். டப்பாவின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் 'பியூட்டிரேட் 600 மி.கி.' என்றிருக்கிறது. பின்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது, ஒரு கேப்சூலுக்கான அந்த 600-ம் சோடியம் பியூட்டிரேட்டின் எடை என்று. அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் சோடியம், உப்பைக் குறைக்கச் சொல்வதே எதற்காகவோ அதே பொருள். நான்கு கேப்சூலுக்கு 500 மி.கி. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு நாள் வரம்பான 2,000 மி.கி.யில் கால்வாசி உங்கள் டப்பாவிலிருந்தே உள்ளே போயிருக்கிறது. நாங்கள் கிள்ளிக் கிள்ளிப் போட்டதெல்லாம் வீண்.

கேப்சூலில் சோடியம் எவ்வளவு, அது வயிற்றில் எந்த இடத்தில் கரைகிறது: இந்த இரண்டையும் முன்பக்கத்தில் போடுங்கள்.

இரண்டாவதைக் கேட்கக் காரணம் வாடை. மூடியைத் திறந்தாலே சிக்கு வாடை; விழுங்கிய சற்று நேரத்தில் அம்மாவின் ஏப்பத்திலும் அதே வாடை. இரைப்பையிலேயே உடைந்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. அங்கே உடைந்தால் பெரும்பகுதி வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், பெருங்குடலுக்குப் போவது சொற்பம். கடைசி வீட்டுத் தபாலை முதல் வீட்டுத் திண்ணையில் போட்டுவிட்டுப் போவதற்கு இவ்வளவு விளம்பரமா?

நார்ச்சத்து கிடைத்தால் குடல் பாக்டீரியாக்கள் அந்தப் பெருங்குடலிலேயே இருந்துகொண்டு பியூட்டிரேட்டைத் தயாரிக்கின்றன. பாவம், அவற்றுக்கு விளம்பரம் செய்யத் தெரியாது. பெருங்குடல் புண் நோய்க்குக்கூட பியூட்டிரேட் ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. உங்கள் துண்டறிக்கையிலோ தொப்பை, தூக்கம், மறதி எல்லாமே சரியாகிவிடுகின்றன!

சரி, எங்கோ போய்விட்டேன். தயவுசெய்து அந்த இரண்டு வரியை மட்டும் அச்சிடுங்கள். மீதிக் கேப்சூல்களை இரண்டு கவருக்குள் கட்டி வைத்திருக்கிறோம், அப்படியும் அலமாரி நாறுகிறது. அடுத்த டப்பாவில் அந்த வரிகள் இருந்தால் டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
டப்பாவின் பின்பக்கத்தைத் தாமதமாகப் படித்த ஒரு மகள்