விருதுப் பட்டியலும் சேலம் ஏரியாவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசிய விருது பெற்ற தமிழ்ப் படங்களைப் பட்டியலிட்டுத் தங்கள் இதழில் வந்த ‘பத்தாண்டின் விருதுப் படங்கள்: ஆண்டுக்கு ஒன்று’ கட்டுரையின் நடுவில், “இவை சேலம் ஏரியா ரசிகர்களுக்கான படங்கள் அல்ல” என்று போகிறபோக்கில் ஒரு வரி வந்திருக்கிறது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்ததுதான் விநியோகஸ்தர்கள் சொல்லும் சேலம் ஏரியா என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. இத்தனை ஊர்க்காரர்களுக்கும் ரசனை கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, மனது வலிக்கிறது.

2011 பொங்கலுக்கு வந்த ‘ஆடுகள’மும் 2019 அக்டோபரில் வந்த ‘அசுர’னும் தேசிய விருது வாங்கிய படங்கள்தாம். எந்த ஊர்த் தியேட்டரில் அவற்றுக்குக் கூட்டம் இல்லாமல் போயிற்று? சின்னப் படங்கள் ஓடாததற்குக் காரணம் வேறு. ஊருக்கு ஒரே ஸ்க்ரீன், அதிலும் காலைக் காட்சி மட்டும் கிடைக்கும். வெள்ளிக்கிழமை போட்ட படத்தைப் பற்றி நாலு பேர் பேசத் தொடங்குவதற்குள் திங்கட்கிழமை தூக்கிவிடுவார்கள். டிஜிட்டல் புரொஜெக்‌ஷனுக்கான விபிஎஃப் (விர்ச்சுவல் பிரிண்ட் ஃபீ) கட்டணமோ தயாரிப்பாளர் தலையில். 2018 மார்ச்சில் புதுப்படமே வெளியிடாமல் தயாரிப்பாளர்கள் நிறுத்திவைத்ததும் அந்தக் கட்டணத்தை எதிர்த்துத்தான். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. பழி மட்டும் ரசிகன் மேல்.

பட்டியலாவது சரியாக இருக்கிறதா என்றால், ஆண்டுக் கணக்கே தவறு. தேசிய விருதுக்குக் கணக்கு சென்சார் சான்றிதழ் பெற்ற ஆண்டு. தியேட்டருக்கு வந்த ஆண்டு அல்ல. ‘ஆடுகளம்’ 2010ஆம் ஆண்டுக்கான 58ஆவது விருதுகளில் சிறந்த இயக்குநர் உட்பட ஆறு விருது பெற்ற படம். அதை 2011இல் வைத்ததால் அந்த ஆண்டுக்குரிய ‘வாகை சூட வா’, ‘அழகர்சாமியின் குதிரை’, ‘ஆரண்ய காண்டம்’ மூன்றுமே வெளியே போயின. ‘விசாரணை’ 2015ஆம் ஆண்டுக்கான விருதுப் படம். 2016 பிப்ரவரியில் வெளியானதால் அந்த ஆண்டில் போட்டு, ‘ஜோக்க’ரைக் கழித்துவிட்டீர்கள். 2017க்கு விருது பெற்ற ‘டூலெட்’ 2019 பிப்ரவரியில்தான் திரைக்கு வந்தது. ஆகவே உங்கள் கணக்கில் அது ‘அசுர’னோடு மோதித் தோற்றது. 2018இன் ‘பாரம்’ 2020இல் வெளியானதால் பட்டியலிலேயே இல்லை. ஒரு தேதியைச் சரிபார்க்காததற்கு இத்தனை படங்கள் பலி.

‘காக்கா முட்டை’க்குச் சிறந்த தமிழ்ப் படத்துக்கான விருது என்று அச்சிட்டிருப்பதும் பிழை. அதற்குக் கிடைத்தது சிறந்த குழந்தைகள் படத்துக்கான தங்கத் தாமரை. இரண்டு சிறுவர்களுக்கும் நடிப்பு விருது உண்டு. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் ‘குற்றம் கடிதல்’.

பத்தாண்டுக்கும் சேர்த்து ஒரு படம் சொல்லச் சொன்னால் நான் ‘விசாரணை’யைத்தான் சொல்வேன். பாட்டு இல்லை. ஆந்திர ஸ்டேஷனில் அடி வாங்கித் தப்பி வந்தவர்கள், தமிழ்நாட்டு ஸ்டேஷனைக் கூட்டிக் கழுவும்போது ஆடிட்டர் விவகாரத்தைக் காதில் வாங்கிவிடுகிறார்கள். அங்கிருந்து லத்தி ஓங்காமலே பயம் ஏறுகிறது. இரண்டு தனிக் கதைகளாக உடைந்து போயிருக்க வேண்டிய படத்தைத் தையல் வெளியே தெரியாமல் சேர்த்தவர் எடிட்டர் கிஷோர். ‘ஆடுகள’த்துக்கும் எடிட்டிங் விருது வாங்கியவர் அவரே. ‘விசாரணை’ வேலையின்போதே 2015 மார்ச்சில் இறந்துபோனார்; அவர் மறைந்த பிறகுதான் அந்தப் படத்துக்கான எடிட்டிங் விருது வந்தது. இரண்டு பக்கக் கட்டுரையில் அவர் பெயருக்கு இடமில்லை. நடிகர் படங்களுக்கு மட்டும் அரைப் பக்கம்.

தொழில்நுட்பக் கலைஞர்களை விடுவது தங்கள் இதழுக்குப் புதிதல்ல. எங்கள் ஊரை விடுவதும் புதிதல்ல. டி.ஆர்.சுந்தரம் 1935இல் இங்கே தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவிலிருந்துதான் முதல் மலையாளப் பேசும்படம் ‘பாலன்’ 1938இலும், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இலும் வந்தன. ஏற்காடு சாலையில் அந்த ஸ்டூடியோவின் முகப்பு வளைவு இன்றும் நிற்கிறது. தமிழ் சினிமா ஸ்டூடியோக்கள் பற்றித் தாங்கள் முன்பு வெளியிட்ட தொடரில் சென்னைக்கு வாரக்கணக்கில் இடம் இருந்தது. சேலத்துக்கு ஒரு பத்தி. அப்போதும் எழுதினேன். பதில் வரவில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில், ஒவ்வொரு படத்துக்கும் எதிரே விருது எத்தனையாவது, எந்த ஆண்டுக்கு, எந்தப் பிரிவில் என்ற மூன்று விவரத்தையும் சேர்த்துத் திருத்திய பட்டியலை வெளியிடுங்கள். கிஷோர் பெயரும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம் - 7