சின்னப் பிள்ளைகளின் செஸ் அங்கத்துவம் பற்றி எங்கள் பெற்றோருக்கு ஒரு மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

ஹட்டனில் எங்கள் கடையையும் அதன் மாடியில் நடக்கும் சதுரங்க வகுப்பையும் உங்களுக்குப் புதிதாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. போர்ட்டும் காய்களும் வாங்க வந்து, அப்படியே பிள்ளையை வகுப்பில் சேர்த்துவிட்டுப் போனவர்கள் உங்களில் நிறையப் பேர். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

சில கிழமைகளாக வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. மூன்றாம் வகுப்பும் அதற்குக் கீழும் படிக்கும் பிள்ளைகள் ரேட்டிங் போட்டியில், அதாவது ஆட்டத் திறமைக்கு ஓர் எண் போடும் போட்டியில், விளையாட சதுரங்கச் சம்மேளனத்தில் அங்கத்துவம் தேவையே இல்லை, பயிற்சி நடத்துகிறவர்கள் சும்மா பணம் வாங்குகிறார்கள் என்கிறது அது. எங்கள் பெயர் அதில் இல்லைதான். ஆனாலும் கேட்டுவிட்டு வந்து, "அப்போ நாங்கள் கட்டிய காசு?" என்று கேட்டவர்கள் பலர். கேட்காமல் மனதிலேயே வைத்துக்கொண்டவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறோம்.

குரல்பதிவில் பேசுகிறவர் பொய் சொல்லவில்லை. அவர் சொல்வது அமெரிக்காவில் இருந்த ஓர் ஏற்பாடு. அங்குள்ள சதுரங்கச் சம்மேளனம் தனக்கென்று ஒரு ரேட்டிங் முறை வைத்திருக்கிறது. மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு மட்டும் என்று நடத்தும் பிரிவுகளில், அங்கத்துவப் பணம் கட்டாத பிள்ளைகளும் விளையாடுவதற்கு அந்தச் சம்மேளனம் ஒரு சலுகை வைத்திருந்தது. அந்த ரேட்டிங் 100 வரைகூட இறங்கும். ஆகவே குதிரையை நகர்த்தப் போன மாதம் பழகிய பிள்ளைக்கும் ஓர் எண் கிடைத்துவிடும்.

நாம் இங்கே ரேட்டிங் என்று சொல்வது ஃபிடே என்கிற உலகச் சதுரங்கச் சம்மேளனத்தின் ரேட்டிங்கை. ஃபிடே கணக்கெடுக்கும் போட்டியில் விளையாடினால் அந்தப் பிள்ளைக்கு ஃபிடே இலக்கம் வேண்டும். அதை ஃபிடேயிடம் நேராகக் கேட்டு வாங்க முடியாது. நாட்டுச் சம்மேளனத்தின் வழியாகத்தான் வரும். ஆறு வயதுப் பிள்ளைக்கும் அறுபது வயதுத் தாத்தாவுக்கும் இதில் வித்தியாசம் கிடையாது. இந்த விதியை நாங்கள் போடவும் இல்லை, எங்களால் தளர்த்தவும் முடியாது.

இனி எங்களை மிகவும் நோகடித்த பேச்சுக்கு வருகிறோம். நாட்டுச் சம்மேளனத்துக்குக் கட்டும் பதிவுப் பணத்தில் நாங்கள் பங்கு எடுக்கிறோம் என்று சொல்கிறார்களாம். ஒரு ரூபாகூட எங்கள் லாச்சியில் விழுவதில்லை. வங்கியில் கட்டிய பற்றுச்சீட்டு பிள்ளையின் பெயரிலேயே இருக்கிறது. அதன் பிரதியை உங்கள் கையில் தந்திருக்கிறோம், தொலைத்தவர்கள் வந்தால் இன்னொன்று எடுத்துத் தருவோம். படிவம் நிரப்புவது, பிறப்புச் சான்றிதழை ஸ்கேன் பண்ணுவது, போட்டோவை அளவுக்கு வெட்டுவது, பதில் வராவிட்டால் திரும்பத் திரும்ப அழைத்துக் கேட்பது எல்லாமே நாங்கள் இலவசமாகச் செய்கிற வேலை. ஆங்கிலப் படிவத்தைப் பார்த்ததும் தயங்குகிற பெற்றோருக்காகத்தான் இதை ஆரம்பித்தோம். தாங்களே செய்ய விரும்புகிறவர்கள் தாராளமாகச் செய்யலாம், அப்படிச் செய்தவர்களும் இருக்கிறார்கள்.

இந்த வேலை வெளியே தெரிவதைவிடக் கஷ்டமானது. நம் பிள்ளைகளின் பெயரில் அப்பாவின் பெயர் முன்னால் வரும், சிலருக்குப் பின்னால் வரும். தர்ஷன் என்ற பெயரை ஒரு சான்றிதழில் ஒரு விதமாகவும் பாடசாலைப் பதிவேட்டில் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். இரண்டு எழுத்துமுறையில் இரண்டு இலக்கம் எடுத்துவிட்டால் பிள்ளையின் ஆட்டங்கள் இரண்டாகப் பிரிந்து கிடக்கும், பிறகு அதை ஒன்றாக்க அலைய வேண்டும். ஃபிடே இலக்கம் ஒருவருக்கு ஆயுள் முழுவதற்கும் ஒன்றுதான். அதனால்தான் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறோம். சான்றிதழின் பிரதி இல்லாதவர்களைப் பிரதேச செயலகத்துக்கு அனுப்பும்போது சிலர் கோபித்துக்கொள்கிறீர்கள். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வர வேண்டியிருப்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வயதுப் பிரிவே ஜனவரி 1ஆம் திகதிக் கணக்கில்தான் பார்க்கப்படுகிறது. பிறந்த திகதி பிழைத்தால் பிள்ளை தவறான பிரிவில் போய் உட்காரும்.

"பதிவு செய்தும் ரேட்டிங் வரவில்லையே" என்பது அடுத்த மனக்குறை. இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். இலக்கம் என்பது பரீட்சைச் சுட்டெண் மாதிரி, ரேட்டிங் என்பது பெறுபேறு. சுட்டெண் கிடைத்தவுடன் பெறுபேறு வந்துவிடாது. முதல் ரேட்டிங் கிடைக்க, ஏற்கனவே ரேட்டிங் உள்ளவர்களுடன் குறைந்தது 5 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். ஒரே போட்டியில் ஆக வேண்டியதில்லை, 26 மாதங்களுக்குள் ஆடியவற்றைச் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் முதல் போட்டியில் அந்த ஆட்டங்களில் அரைப் புள்ளியாவது எடுக்காவிட்டால் அது கணக்கில் வராது. இத்தனையும் சரியாக நடந்து, கணக்கு 1400க்குக் கீழே வந்தால் பட்டியலில் பெயருக்கு நேரே ஒன்றும் இருக்காது.

இந்த 1400 எல்லை 2024 மார்ச் 1 முதல் வந்தது. அதற்கு முன் 1000 இருந்தாலே போதும். அப்போது 2000க்குக் கீழே இருந்தவர்களின் ரேட்டிங்கை ஒரே தடவையில் உயர்த்தினார்கள், 1200 வைத்திருந்தவருக்கு அது 1520 ஆனது. "அண்ணனுக்குச் சும்மாவே ஏறியது, தங்கச்சிக்கு ஏன் ஒன்றுமே வரவில்லை" என்று கேட்ட அம்மாமாருக்கு இதுதான் பதில். தங்கச்சி அண்ணனை விடக் குறைந்தவள் என்று தயவுசெய்து வீட்டில் சொல்லாதீர்கள். அவள் நுழைந்தபோது வாசற்படி உயர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஏழு, எட்டு வயதுப் பிரிவுகளில் இன்னொரு சங்கடம் உண்டு. எதிரே உட்காரும் பிள்ளைக்கும் பெரும்பாலும் ரேட்டிங் இருக்காது. அப்படிப்பட்ட ஆட்டத்தில் வென்றாலும் ரேட்டிங் கணக்கில் ஒன்றும் சேராது. ஆகவே எங்கள் அபிப்பிராயத்தைத் திரும்பவும் சொல்கிறோம்: பாடசாலை மட்டத்திலும் வலய மட்டத்திலும் ரேட்டிங் இல்லாத போட்டிகளில் மட்டும் விளையாடும் சின்னப் பிள்ளைக்கு ரேட்டிங் ஆசைக்காக அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம். ஒரு முழு ஆட்டத்தையும் தானாகக் குறிப்பெடுத்து, தோற்றாலும் எழுந்து கைகொடுத்துவிட்டு வருகிற நாள் வரும். அப்போது பதிவு செய்வோம். போட்டி அறிவித்தலில் ஃபிடே ரேட்டிங் என்று இருந்தாலோ, சம்மேளனத்தில் அந்த வருடப் பதிவு வேண்டும் என்று கேட்டிருந்தாலோ மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். கடைசி நாளில் வந்து நின்றால் எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பொருட்களின் விலையைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். டிஜிட்டல் கடிகாரங்கள் இறக்குமதிப் பொருட்கள். 2022இல் ரூபாவின் பெறுமதி விழுந்ததிலிருந்தே அவை பழைய விலைக்குக் கிடைப்பதில்லை. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானதும் அதற்கு மேல் சேர்ந்துகொண்டது. வகுப்பில் உள்ள கடிகாரங்களே பிள்ளைகள் பழகப் போதும், வீட்டுக்கு ஒன்று வாங்கியே ஆக வேண்டும் என்று நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

இந்தப் பேச்சுகளுக்கு நடுவிலும் எங்களோடு நிற்கிறவர்களுக்கு மனமார்ந்த நன்றி. மஸ்கெலியாவிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் மழையில் பஸ் மாறி வருகிற அம்மாமார், போட்டிக்குப் போகும்போது மற்றவர்களின் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கொண்டு வருகிறவர்கள், பழைய போர்டுகளைத் தோட்டப் பாடசாலைக்குக் கொடுங்கள் என்று கொண்டுவந்து தந்தவர்கள், தன் வகுப்புப் பிள்ளைகளைத் தானே கூட்டிக்கொண்டு வருகிற ஆசிரியைகள், உங்களால்தான் இந்த மாடியில் இன்னும் வெளிச்சம் எரிகிறது. சின்னப் பிள்ளைகளின் பயிற்சியாளர் தம்பி கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டதால் ஞாயிறு காலை வகுப்பு அடுத்த மாதம் முதல் சனி மாலைக்கு மாறுகிறது, மாதக் கட்டணமும் 300 ரூபாவால் கூடும். தம்பியை வாழ்த்தி அனுப்பியிருக்கிறோம், பிள்ளைகள் அவருக்கு வரைந்து கொடுத்த அட்டைகளை எல்லாம் கையோடு கொண்டுபோனார்.

பற்றுச்சீட்டைச் சரிபார்க்க விரும்புகிறவர்களும் புதிதாகப் பதிவு செய்ய இருப்பவர்களும் பாடசாலை விட்ட பிறகு கடைக்கு வாருங்கள். பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதியை மறக்காமல் கொண்டு வாருங்கள், போட்டோவை இங்கேயே எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
ஹட்டன்