பிள்ளைக்கு விசரோ என்று கேட்ட மச்சானுக்கு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. வெள்ளவத்தையில் எல்லாரும் சுகம், என் முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை. மட்டக்களப்பில் வெயில் எப்படி?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் உள்ளகப் பயிற்சி முடித்ததும் நிபுணத்துவப் பரீட்சைக்குப் படிக்காமல் மூளை ஆராய்ச்சிக்குப் போகப்போகிறாளாம். "பிள்ளைக்கு விசரோ?" என்று எழுதியிருக்கிறாய். விசர் இல்லை. ஆனால் உன் பயத்திலும் நியாயம் இருக்கிறது. இங்கே பகலில் வார்ட், பின்னேரம் தனியார் ஆஸ்பத்திரியில் சனலிங் என்று ஓடுகிறவர்களைத்தான் ஊர் டொக்டர் என்று மதிக்கும். அந்த ஓட்டத்துக்குள் ஆராய்ச்சிக்கு மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதுவும் கலியாண வீடு இல்லாவிட்டால்.

ஆராய்ச்சிக்குப் போன ஒருவரைச் சொல்கிறேன், டொமினிக் பர்புரா என்று பெயர். ஹாவார்டில் மருத்துவம் படித்துவிட்டு நரம்பணுக்களின் பக்கம் போனவர். நரம்பணுவின் கிளைகளில் முள் முள்ளாகச் சின்ன முளைகள் இருக்கும், அடுத்த அணுவின் செய்தி வந்து சேர்வது பெரும்பாலும் அங்கேதான். இத்தாலிய மருத்துவர் கொல்கியின் சாயம் மூளைத் துண்டில் மிகச் சில அணுக்களில் மட்டும் ஏறும், ஏறிய அணு முழுசாகக் கறுத்துத் தெரியும். 1873இல் கொல்கி கண்டுபிடித்த அந்தப் பழைய முறையால் பர்புரா, கடுமையான அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளின் மூளை அணுக்களைப் பார்த்தார். முளைகள் குறைவு, இருந்தவையும் நீண்டு மெலிந்து கிடந்தன. 1974இல் அது 'சயன்ஸ்' சஞ்சிகையில் வந்தது. வெளியில் காயமே தெரியாத மூளையில் குறை எங்கே என்று காட்டிய வேலை.

பீடாதிபதிப் பதவி அதற்குப் பிறகுதான். ஸ்டான்போர்டில் கொஞ்சக் காலம் இருந்தார். 1984இல் நியூயோர்க்கின் அல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரிக்குத் திரும்பி 2006 வரை, 22 வருடம், அதே கதிரை. ஒரே ஆள் அவ்வளவு காலம் இருப்பது நல்லதா என்று நீ கேட்பாய். எனக்கும் சந்தேகம்தான். ஆனால் எங்கள் பல்கலைக்கழகங்களில் பீடாதிபதிக்கு ஒரு தவணை 3 வருடம். அதற்குள் கட்டடத்துக்குச் சாயம் அடிக்கலாம், ஆய்வுகூடத்தை வளர்க்க முடியாது. நல்ல ஆளைத் தேடிக் கொண்டுவந்து, அவருக்கு இடம் கொடுத்து, முதல் முடிவு வரும்வரை பொறுத்திருக்கவே அந்த 3 வருடம் போய்விடும்.

அவர் அமெரிக்காவில் இருந்தார், நாங்கள் இங்கே என்று சொல்லாதே. 1987இல் பேராதனையிலிருந்து நிமால் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தையும் எழுதியதைப் பார். பூச்சிமருந்து நஞ்சேறி வந்தவர்கள் முதல் கண்டத்தைத் தாண்டிவிடுவார்கள், தப்பிவிட்டார் என்று எல்லாரும் மூச்சுவிடும் நேரம், ஒன்றிலிருந்து நாலு நாளுக்குள், கழுத்தைத் தூக்க முடியாமல் போகும், பிறகு சுவாசத் தசைகளும் சோரும். 10 நோயாளிகளை வைத்து அதைத் தனி நோய்நிலை என்று அடையாளம் காட்டி, 'இடைநிலை நோய்க்குறி' (intermediate syndrome) என்று பெயர் வைத்தார்கள். நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் வந்தது, உலகம் முழுக்க இன்றும் அதே பெயரில்தான் படிக்கிறார்கள். இப்படியான நோயாளிகளை எங்கள் வார்ட்டுகளில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்! கட்டிலடியில் நின்று, இது ஏன் இப்படி என்று கேட்டவர்கள் இவர்கள்.

மகள் ஒருநாள் பீடாதிபதியாகி எல்லாவற்றையும் மாற்றுவேன் என்று சொல்கிறாளாம். ஆகட்டும், ஆனால் அவசரம் வேண்டாம். சொந்தமாக ஒரு ஆய்வை முடிக்காதவர் கதிரையில் ஏறினால், அடுத்தவனுக்கு எதற்கு நேரமும் காசும் தேவை என்பது விளங்காது. ஏறியபின் நுண்காட்டிக்கு முன்னால் இருக்க நேரம் கிடைக்காது. எனக்கு அது பெரிய இழப்பாகத்தான் படுகிறது.

இப்போதைக்கு உள்ளகப் பயிற்சியை முடிக்கட்டும், மருத்துவ சபையில் முழுப் பதிவு எடுக்கட்டும். அது கையில் இருந்தால் பிறகு எந்தப் பக்கமும் திரும்பலாம். அப்புறம் லீவு கிடைக்கிற ஒரு ஞாயிறு அவளை இங்கே வரச்சொல். எந்த நாடு, எந்தப் பல்கலைக்கழகம் என்று நான் கேட்கமாட்டேன். யாருக்குக் கீழே வேலை செய்யப்போகிறாள், அவரிடம் முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதைத் தேடிக்கொண்டு வரட்டும். அதுவரை நீ அவளோடு சண்டை பிடிக்காதே.

அன்புடன்,
உன் கொழும்பு மச்சான்