அவர் கர்ணம் இல்லை, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்து மூலையில் ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. 'முன்னாள் கர்ணம் காலமானார்' என்று தலைப்பு, 'தந்தைக்குப் பிறகு ஊர்க் கணக்கைப் பார்த்து வந்தவர்' என்று உள்ளே ஒரு வரி. செய்தி போட்டதற்கு நன்றி. ஆனால் அந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கர்ணம் என்றால் அப்பாவுக்குப் பிறகு மகன் என்று பரம்பரையாக ஊர் நிலக் கணக்கு எழுதியவர். அவருடைய அப்பா எந்த ஊருக்கும் கணக்கு எழுதியவர் இல்லை ஐயா. பண்ணையாள். கைநாட்டு.

அவரும் நானும் ஒரே தேர்வில் தேறி ஒரே நாளில் கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்தவர்கள். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டுக் கர்ணம், கிராம முன்சீப் பதவிகளை ஒழித்ததும், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1982இல் அது செல்லும் என்று தீர்ப்பு வந்ததும் உங்களுக்குத் தெரியாததில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டுப் பரணில் இருந்த கணக்குக் கட்டு, தேர்வு எழுதித் தேறிய யார் கைக்கும் வரலாம் என்று ஆனது அதற்கு அப்புறம்தான். அப்படி வந்தவரைப் போய் நீங்களே கர்ணம் என்று எழுதலாமா?

திருத்துறைப்பூண்டிப் பக்கம் அவருக்கு முதல் ஊர். பழைய கணக்குகளை வாங்கப் போனவரைத் திண்ணையில் உட்காரச் சொல்ல ஆள் இல்லை. ஒன்பது நாள் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றுவிட்டுத் திரும்பினார். பத்தாம் நாள் மஞ்சள் துணியில் சுற்றிய கட்டைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அவர் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நில விவரம் சொல்லும் 'அ' பதிவேடு, யார் பெயரில் எவ்வளவு நிலம் என்ற சிட்டா, எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற அடங்கல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, பக்கங்களை எண்ணி, பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை அதே படியில் வைத்துவிட்டு வந்தார். இதை என்னிடம் சொன்னபோதும் அவர் யாரையும் திட்டவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை, இன்றுவரை.

நிலத்துக்காரர் பெயரையே சாகுபடிதாரர் என்றும் போட்டுவிட்டால் அடங்கல் எழுதுவதில் ஒரு வம்பும் வராது. இவர் தாளடி நடவு முடிந்த சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்து, யார் உழுகிறாரோ அவர் பெயரை எழுதினார். குத்தகைதாரர் உரிமையைப் பதிய 1969லேயே சட்டம் வந்துவிட்டது, சரி, ஆனால் அடங்கலில் பெயர் இல்லாத குத்தகைதாரர் தாசில்தார் முன்னால் எதைக் காட்டுவார்? அதற்காக இரண்டு வருஷத்தில் மூன்று ஊர் மாற்றினார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கும் மேல் போனார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் எங்களை அனுப்பினார்கள். அடக்கம் செய்யும் அவசரத்தில் எண்ணிக்கை போதும் என்றார்கள். இவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு நாற்பது பக்க நோட்டில் அடையாளம் எழுதினார். 'சிறுமி, சிவப்புப் பாவாடை, வலது கையில் கறுப்பு வளையல் இரண்டு.' நாலு நாள் கழித்து ஒருவர் வந்து அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. நான் பக்கத்தில் நின்றேன்.

இதெல்லாம் உங்கள் நிருபருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் செய்தியில் ஊரை 'தஞ்சை மாவட்டம்' என்றும் போட்டிருக்கிறார். நாகப்பட்டினம் தனி மாவட்டமாகி எத்தனை வருஷம், 1991 அக்டோபரில் ஆனது. 2003 ஜூலை அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பியபோது எங்களைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் மறக்கவில்லை. 2018இல் கஜா புயல் அடித்த வாரம், வருவாய்த் துறையினர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று எழுதினீர்கள். ஓய்வு பெற்றிருந்த இந்த மனிதர் வேதாரண்யத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பையனோடு, விழுந்த தென்னைகளைத் தோப்புத் தோப்பாக எண்ணிக்கொண்டிருந்த வாரம் அது. அப்போதே ஒரு கடிதம் போட்டேன். வரவில்லை. முப்பது வருஷத்துக்கும் மேலாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவன் என்ற உரிமையில்தான் இதைச் சொல்கிறேன்.

நான் கேட்பது இரண்டு வரித் திருத்தம். 'தேர்வாணையத் தேர்வில் தேறிய கிராம நிர்வாக அலுவலர், விவசாயக் கூலியின் மகன்' என்று போடுங்கள். முழுப் பெயரும் பணி விவரமும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். கடிதத்தில் பெயர் வேண்டாம் என்று அவர் வீட்டில் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை கருமாதி. அதற்குள் வந்துவிட்டால் வெட்டி எடுத்துக்கொண்டு போவேன். போன வாரத்துச் செய்தியை அவர் வீட்டு அம்மாவிடம் இன்னும் யாரும் படித்துக் காட்டவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர்,
நாகப்பட்டினம் மாவட்டம்.