சேகருக்கு, வாழைத்தண்டோடு ஒரு கடிதம்

திருச்சி
ஞாயிறு காலை

அன்புள்ள சேகர்,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதக் கை வரவில்லை. உன் நலம் எனக்கு நேற்று ராத்திரியே தெரிந்துவிட்டது. மல்லிகா போன் செய்தது. "அண்ணே, அவருக்கு மூணு மாச சுகர் 8.4. ரிப்போர்ட்டை பீரோவுல வேட்டிக்கு அடியில வெச்சிருந்தார். இன்னிக்குத்தான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அழுதது. போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தீபாவளிக்குப் பிறகு நான் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. இரண்டு தடவை நீ கூப்பிட்டபோதும் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அது என் தப்பு. ஆனால் பிப்ரவரியில் வாங்கிய ரிப்போர்ட்டை ஜூன் வரைக்கும் ஒளித்து வைத்தது உன் தப்பு. உடம்பு விஷயத்தை ஒருத்தருக்கொருத்தர் ஒளிக்க மாட்டோம் என்று ஆஸ்பத்திரி மாடிப்படியில் அடித்த சத்தியம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா, இல்லையா?

கோபத்தை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். வீட்டுச் செய்தி: சாந்திக்குப் புதுக்கோட்டைக்கு மாற்றல் வந்துவிட்டது, வெள்ளி ராத்திரி வந்து திங்கள் விடியற்காலை போகிறாள். பையன் கோவையில் இருக்கிறான், சம்பளம் பரவாயில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பேப்பரில் வரி விளம்பரம்கூட விடாமல் படிக்கிறாள். அவ்வளவுதான். விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கும் போன செப்டம்பரில் அந்த மூணு மாச சுகர் 6.3 வந்தது. உன்னிடம் சொல்லவில்லை. நம் சிவப்பணு ஒவ்வொன்றும் சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும், அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைப் பார்த்தால் இரண்டு மூன்று மாதக் கதை தெரிந்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். 5.7 முதல் 6.4 வரை வரப்பு மேல் நடக்கிற மாதிரி, 6.5 ஆனால் அந்தப் பக்கம், சர்க்கரை நோயில் விழுந்தாயிற்று. "மத்தியானம் என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டார். சாந்தி இல்லாத நாட்களில் கேன்டீன்தான். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்குப் பொரியல், இரண்டு அப்பளம். எல்லாம் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, "இதுல காய் எங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் புது வழிகாட்டி போட்டிருக்கிறது. இரண்டாயிரம் கலோரி தேவைப்படுகிறவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, 250 கிராம் தானியம் என்று கணக்கு. தானியத்தைவிடக் காய் அதிகம்! அன்றைக்கு நான் சாப்பிட இருந்த காயைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். சாம்பாரில் கிடந்த முருங்கைக்காயையும் சேர்த்து நூறு கிராம் தேறவில்லை.

அப்புறம்தான் சாலட் ஆரம்பித்தேன். நீ இந்த இடத்தில் சிரிப்பாய் என்று தெரியும். சிரி. மெஸ்ஸில் முட்டைக்கோஸ் பொரியலைப் பார்த்து ஆட்டுக்கு அனுப்பச் சொன்னவன் நீ.

முதல் தடவை போனில் ஆர்டர் செய்துதான் வரவழைத்தேன். எந்தக் கடை என்பது வேண்டாம். 280 ரூபாய். பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தால் வாடின லெட்யூஸ் இலை, நாலு சோளமுத்து, மேலே வெள்ளையாக இனிப்பு மயோனைஸ். அதில் காய் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று யோசித்தபோது வயிறு எரிந்தது. தென்னூர் உழவர் சந்தையில் அதே காசுக்கு ஒரு வாரத்துக்கான காயைப் பை நிறைய வாங்கிக்கொண்டு வரலாம்.

மறுநாள் நானே வெள்ளரியும் கேரட்டும் நறுக்கி, உப்பும் எலுமிச்சையும் பிழிந்து எடுத்துப்போனேன். மத்தியானம் ஒரு மணிக்குத் திறந்தால் பாதி டப்பா தண்ணீர், காய் துவண்டு கிடக்கிறது. மூன்றரை மணிக்குப் பசி தாங்காமல் டீக்கடையில் இரண்டு பஜ்ஜி தின்றேன். இப்படி ஒரு வாரம் ஓடியது. இரண்டு இடத்தில் தப்பு இருந்தது. காலையிலேயே உப்பைப் போட்டால் அது காயில் இருக்கிற தண்ணீரை வெளியே இழுத்துவிடும். உப்பு, எலுமிச்சை இரண்டையும் சின்னப் பாட்டிலில் தனியாகக் கொண்டுபோய்ச் சாப்பிடும்போது கலக்க வேண்டும். வெள்ளரியின் விதைப் பகுதியை ஸ்பூனால் வழித்து எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. இரண்டாவது, பருப்போ பயறோ கடலையோ முட்டையோ இல்லாமல் வெறும் காய் பசி தாங்காது. இது புரிந்த நாளிலிருந்து பஜ்ஜிக் கடைப் பக்கம் போகவில்லை.

சேகர், இப்போது ஒன்பது மாதம் ஆகிறது. அலுக்கவே இல்லை. ஒரே சாலட்டை நாலு நாள் சாப்பிட்டால் ஐந்தாம் நாள் எவனும் கேன்டீனுக்குத்தான் போவான், அதனால் மாற்றி மாற்றிச் செய்கிறேன். திங்கட்கிழமை கோசுமரி. ராமநவமிக்குப் பானகம், நீர்மோரோடு கொடுப்பார்களே, அதேதான். பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, கேரட் துருவல், வெள்ளரி, பச்சை மிளகாய், மல்லித்தழை போட்டு ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. தாளிப்பு நன்றாக ஆறிய பிறகுதான் மூட வேண்டும், சூட்டோடு மூடினால் டப்பாவுக்குள் வியர்த்துவிடும். கார்த்திகை, மார்கழியில் தேங்காய்த் துருவல் சேர்த்தேன். சித்திரை வெயில் வந்ததும் நிறுத்திவிட்டேன். காலை ஏழு மணிக்குக் கட்டினது ஒரு மணிக்குள் நெடி அடிக்க ஆரம்பித்தது. தேங்காய்க்குப் பதிலாக வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்துத் தூவுகிறேன். மராத்திக்காரர்கள் கோஷிம்பீர் என்கிற தங்கள் பச்சைக்காய்க் கலவையில் அப்படித்தான் போடுவார்கள் என்று ஆபீசில் ஒரு அம்மா சொன்னார். பீட்ரூட்டுக்கு அந்தப் பொடி அப்படிப் பொருந்துகிறது.

ஒரு நாள் கறுப்புக் கொண்டைக்கடலை. ராத்திரி ஊறப்போட்டு, காலையில் குக்கரில் வேகவைத்து, வெங்காயம், பொடியாக நறுக்கின மாங்காய், மிளகுத்தூள் சேர்ப்பேன். மெரினாவில் தேங்கா மாங்கா பட்டாணி சுண்டலுக்கு நீ எட்டணா கடன் சொன்ன கதை ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வருகிறது. மாங்காய் புளிப்புக்கு மட்டும் இல்லை. கடலையில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேர வைட்டமின் சி கூட இருந்தால் நல்லது. மாங்காய் இல்லாத மாதத்தில் எலுமிச்சை, இல்லாவிட்டால் பெருநெல்லிக்காய்த் துருவல். வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து பத்து நிமிஷம் தண்ணீரில் போட்டு எடுத்துவிடு, காரமும் நாற்றமும் குறையும். கவுன்ட்டரில் உட்காருகிற எனக்கு அது முக்கியம்.

பயறு முளைகட்ட அம்மா சொல்லிக்கொடுத்தாள். எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஈரத் துணியில் மூட்டை கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் வால் விட்டிருக்கும். ஆனால் பச்சையாகச் சாப்பிடுவதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் முளைக்கு எவ்வளவு பிடிக்குமோ, கிருமிக்கும் அவ்வளவு பிடிக்கும். இட்லித் தட்டில் வைத்து ஆவி நன்றாக ஏறும்வரை வேகவைத்த பிறகுதான் கலக்கிறேன்.

வாழைத்தண்டை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன். வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இத்தனை வருஷம் அதைப் பொரியலைத் தாண்டி நான் யோசித்ததே இல்லை. பிஞ்சுத் தண்டாக வாங்க வேண்டும். வெளிப்பட்டையை இரண்டு மூன்று சுற்று உரித்தால் உள்ளே தந்தம் மாதிரி வழுவழுப்பாக ஒன்று வரும். அதை மெல்லிய வில்லையாக நறுக்கு. கத்தி இறங்கி வரும்போது வில்லைக்கும் தண்டுக்கும் நடுவில் சிலந்தி நூல் மாதிரி நார் நீளும். அதை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். பத்து வில்லை முடிவதற்குள் விரலில் வெள்ளை மோதிரம் போட்டது மாதிரி நூல் திரண்டிருக்கும். வில்லைகளை உடனே மோரில் போட்டுவிடு, இல்லாவிட்டால் கறுத்துப்போகும். பிறகு நாலைந்து வில்லையை அடுக்கிப் பொடியாக நறுக்கி, பிழிந்து, ஊறின பாசிப்பருப்போடும் மாதுளை முத்தோடும் கலந்து, மிளகாயும் எலுமிச்சையும் சேர்த்துச் சாப்பிட்டுப் பார். கடிக்கும்போது நறுக் நறுக்கென்று காதுக்குள் கேட்கும். காலை ஐந்தே முக்காலுக்கு அடுப்படியில் தனியாக நின்று அந்த நாரைச் சுற்றும்போது மனசு எவ்வளவு அமைதியாக இருக்கிறது தெரியுமா? சாந்தி இல்லாத வீட்டில் அந்த அரை மணி நேரம் எனக்குப் பெரிய துணை.

ஆலிவ் எண்ணெய் வாங்கவில்லை, நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன் போதும். கேரட்டில் இருக்கிற சத்து உடம்பில் ஒட்ட அந்த ஒரு ஸ்பூன் கொழுப்பு வேண்டியிருக்கிறது. கிரீமுக்கு ஆசைப்பட்டால் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, வறுத்த சீரகமும் மிளகும் பொடித்துப் போடுவேன். அதை ஆபீஸ் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். பக்கத்து சீட்டுக்காரர் முதலில் கேலி செய்தார், இப்போது வியாழக்கிழமை பீட்ரூட்டுக்குத் தன் டப்பா மூடியை நீட்டுகிறார்.

மார்ச்சில் மறுபடி ரத்தம் கொடுத்தேன். 5.8. இன்னும் வரப்பு மேல்தான் நிற்கிறேன். சாலட்டினால் மட்டும் என்று சொல்ல மாட்டேன், ராத்திரி நாற்பது நிமிஷம் நடக்கிறேன், சோற்றைப் பாதியாக்கியிருக்கிறேன். விட்டுவிடவும் இல்லை, சோறு இல்லாமல் என்னால் முடியாது. முதலில் காயைச் சாப்பிட்டு முடித்துவிட்டு அதன் பிறகு சோறு. அந்த வரிசையில் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறாது என்று டாக்டர் சொன்னார்.

இவ்வளவும் உனக்கு எதற்கு எழுதுகிறேன்? நம் குமரேசனுக்காகத்தான். அவனும் சர்க்கரையை ஒளித்துத்தான் வைத்திருந்தான். காலில் இருந்ததைச் செருப்புக் கடித்த புண் என்றே நாலு மாதம் சொன்னான். ஆஸ்பத்திரியில் அவன் போர்வையை விலக்கிக் காட்டியபோது நீயும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றோமே. கீழே வந்து டீ வாங்கிக் குடிக்காமலே கீழே ஊற்றினாய் நீ. அதைப் பார்த்தவன் எப்படிடா ரிப்போர்ட்டை வேட்டிக்கு அடியில் வைப்பான்? இன்னொரு தடவை அந்த வார்டு மாடிப்படியில் ஏற என்னால் முடியாது, சேகர். உனக்காக ஏற முடியவே முடியாது.

அதனால் இதை மட்டும் செய். நாளைக்கே டாக்டரைப் போய்ப் பார். 8.4 என்பது கேரட் துருவிச் சரிக்கட்டுகிற கணக்கு இல்லை, மாத்திரை கொடுத்தால் ஒழுங்காகப் போடு. மாத்திரை போட்டுக்கொண்டு திடீரென்று சோற்றைக் குறைத்தால் சர்க்கரை ரொம்ப இறங்கிப்போகவும் வாய்ப்பு உண்டு. அதனால் சாப்பாட்டை மாற்றப்போகிறாய் என்பதை அவரிடம் முதலில் சொல். சிறுநீரகத்துக்கும் ஒரு டெஸ்ட் பார்க்கச் சொல், அதைப் பொறுத்துதான் எந்தக் காய், எந்தக் கீரை, எவ்வளவு என்று அவர் சொல்வார். கண்ணையும் காட்டு. மல்லிகாவைத் திட்டாதே. அது போன் செய்திருக்காவிட்டால் நான் இன்னும் "அப்புறம் பேசறேன்" என்றே சொல்லிக்கொண்டிருப்பேன்.

வருகிற சனிக்கிழமை காலை பல்லவன் ரயிலில் ஏறுகிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் விழுப்புரத்தில் இருப்பேன். வாழைத்தண்டு இங்கிருந்தே கொண்டுவருகிறேன், கத்தியும் என்னுடையதுதான், உன் வீட்டுக் கத்தி தக்காளியைக்கூட நசுக்கும். மோர் மட்டும் மல்லிகாவைக் கடைந்து வைக்கச் சொல். நீ எழுந்ததும் ஒரு கைப்பிடி பாசிப்பருப்பை ஊறப்போடு. ரிப்போர்ட்டை எடுத்து மேஜை மேல் வை.

உன்,
பாலு